நடுவர் தீர்ப்பும் நாயக வழிபாடும்: முரளிதரன் சர்ச்சை குறித்து ஒரு நோக்கு

விளையாட்டுச் செய்தியையும் ஓர் எழுத்து வகையாகக் கொண்டு ஆராயும் வழக்கம் தமிழ் விமரிசனத்தில் இன்னும் வேரூன்றவில்லை. கதைக்கும் கவிதைக்கும் அளிக்கப்படும் கவனத்தில் ஒரு சிறு பங்குதானும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் வெள்ளவத்தைத் தேநீர்க் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சலூன்களிலும் நடுவரின் நேர்மை பற்றி எழும் வாதங்கள், பெரும்பாலும் அப்பக்கத்திலிருந்து பெற்ற சொற்களைக் கொண்டே நிகழ்கின்றன. முத்தையா முரளிதரனின் பந்துவீச்சுப் பற்றிய சர்ச்சை இதற்குத் தக்க உதாரணமாகும்.

1995 டிசெம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயார், மூன்று ஓவர்களுள் ஏழு தடவை முரளிதரனின் பந்தை ‘நோ போல்’ என அறிவித்தார். மடிந்த முழங்கையை நீட்டி எறிகிறார் என்பதே காரணம். வழமையாக இக்குற்றத்தைக் கவனிப்பவர் பக்கவாட்டில் நிற்கும் நடுவர். ஹெயாரோ பந்துவீசும் முனையில் நின்றவாறே அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க பந்துவீச்சாளரை மறுமுனைக்கு மாற்றியபோது, அங்கு நின்ற ஸ்டீவ் டன் எதுவும் கூறவில்லை. ஒரே நாள், ஒரே கை. முனைக்கு ஒரு நீதி. அடுத்த மாதம் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் அதே தீர்ப்பை வழங்கினார். 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் அவரே மீண்டும் வழங்கியபோது, ரணதுங்க தமது அணியினரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றமை பலரும் அறிந்ததே.

ஹெயார் சட்டத்தை மீறினாரா என்ற வினாவுக்கு விடை கூறுவது இலங்கை இரசிகருக்குக் கசப்பானது. பந்து முறையாக வீசப்பட்டது என்பதில் நடுவருக்கு முழுத் திருப்தி ஏற்படாவிடின் அவர் ‘நோ போல்’ அறிவிக்கலாம் என்றே அன்றைய விதி இருந்தது. அளவுகோல் நடுவரின் கண். அக்கண்ணுக்கு மேல் முறையீடு இல்லை. குறை அங்கேதான் இருந்தது. பிறப்பிலிருந்தே முற்றாக நீளாத முழங்கை முரளிதரனுடையது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகங்களில் நடைபெற்ற பரிசோதனைகள், எறிவது போன்ற தோற்றம் ஒரு கண்மயக்கமே என்ற முடிவுக்கு வந்தன. பின்னர், 2004இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை மேற்கொண்ட ஆய்வு, முறையானவை எனப் போற்றப்பட்ட கைகளுட்பட ஏறத்தாழ எல்லாக் கைகளுமே பந்துவீசுகையில் ஓரளவு நீள்கின்றன என்று காட்டியது. 2005இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை என்ற பொது எல்லை வகுக்கப்பட்டது. கண்ணால் காணவொண்ணாத ஒன்றைக் கண்டு தீர்ப்பளிக்குமாறு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடுவர்கள் பணிக்கப்பட்டிருந்தனர் என்பதே இதன் பொருள்.

இவ்விடத்தில் தமிழ்ச் சொல்வழக்கும் தன் பங்குக்குக் குழப்பம் விளைவித்தது. ஆங்கிலத்தில் இரு வேறு வினைகளாக நிற்பவை தமிழில் ‘வீசுதல்’ என்ற ஒன்றனுள் அடங்கிவிடுகின்றன. ‘கல்வீச்சு’ என்பதும் ‘பந்துவீச்சு’ என்பதும் ஒரே வீச்சுத்தான். ஆதலால் ‘முரளி பந்தை எறிகிறார் எனக் குற்றச்சாட்டு’ என்ற தலைப்பைப் படிக்கும் வாசகன், பந்துவீச்சாளன் எறியாமல் வேறென்ன செய்வான் என்று வியப்பதில் தவறில்லை. முழங்கையின் கோணத்தை இரண்டு வாக்கியங்களில் விளக்கியிருந்தால் போதும். விளக்கத்தின் இடத்தில் ஆவேசம் வந்தமர்ந்தது; சட்டப் பிரச்சினை இனத்துவேஷப் பிரச்சினையாக மட்டுமே வாசிக்கப்பட்டது. துவேஷம் அறவே இல்லை என்பதன்று இதன் கருத்து. 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே பகிரங்கமாக அவரை எறிபவர் எனக் கூறிய சூழல் அது. ஆனால் அதே ஆண்டில் அவரது ‘தூஸ்ரா’ பந்து ஏறத்தாழ 14 பாகை என அளவிடப்பட்டபோது, சுழற்பந்துக்கு அன்றிருந்த எல்லை 5 பாகை மட்டுமே என்பதையும் நேர்மையான எழுத்து வாசகனுக்குச் சொல்லியாக வேண்டும். நாயகனைக் காக்கும் எழுத்து இத்தகைய எண்களைத் தவிர்த்துவிடும்.

நாயக வழிபாட்டின் இன்னொரு முகம் கொழும்புத் தமிழ் வாசகனை நேரடியாகத் தொடுவது. முரளிதரனின் ஒவ்வொரு சாதனையும் நாட்டின் ஒற்றுமைக்குச் சான்றாக எழுதப்பட்டது. 2007 டிசெம்பர் 3ஆம் திகதி கண்டியில் அவர் 709ஆவது விக்கெட்டைக் கைப்பற்றி ஷேன் வோர்ணின் சாதனையைக் கடந்தார். அதே ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அகற்றப்பட்டிருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனை இடைநிறுத்தியது. இவ்விரண்டையும் ஒரே ஆண்டில் வாசித்தவனிடம் ஒருவரது கையைக் காட்டி ஒற்றுமை பேசுவது, அக்கைக்கும் நியாயம் செய்வதாகாது. பந்துவீசுவதற்கு வந்த ஒருவர்மீது ஓர் இனத்தின் நற்சான்றுப் பத்திரம் ஏற்றப்பட்டது. அவரது சொல்லும் மௌனமும் பின்னர் கடுமையாக விசாரிக்கப்பட்டமை இதன் விளைவேயாகும்.

பிறநாட்டு அனுபவமொன்று ஒப்பிடத்தக்கது. ஐக்கிய அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்திலும் நட்சத்திர வீரர்களுக்கு நடுவர்கள் சலுகை காட்டுகின்றனர் என்ற முறைப்பாடு பழையது. 2015 முதல் அங்குள்ள சங்கம், இழுபறியாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரு நிமிடங்களில் வழங்கப்பட்ட தீர்ப்புகளுள் எவை சரி, எவை பிழை எனத் தானே வெளியிடுகிறது. ஆட்ட முடிவு இதனால் மாறுவதில்லை. இரசிகரின் சினமும் தணிவதில்லை. எனினும் வாதம் இன்ன தீர்ப்பு, இன்ன நொடி என்ற திட்டத்துக்குள் வருகிறது.

2010 ஜூலையில் காலி மைதானத்தில் 800 விக்கெட்டுகளுடன் முரளிதரன் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அவர் எறிந்தாரா இல்லையா என்ற வாதம் இன்றும் வெள்ளவத்தையில் ஓயவில்லை. ஹெயாரின் பெயர் அதில் தவறாது இடம்பெறுகிறது. மறுமுனையில் நின்ற டன்னின் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை.