அந்த நாளின் இருட்டு

ஸ்காபரோவில் என் வீட்டு பேஸ்மென்றில் ஓர் அலமாரி இருக்கிறது. மேல்தட்டில் ஹிட்ச்கொக், குரோசாவா, சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்று. எல்லாம் புளூ-ரே இறுவட்டுகள். அதற்கு அடுத்த தட்டைப் பழைய தமிழ் மர்மப் படங்களுக்கென்று ஒதுக்கிப் பதினைந்து வருடமாகிறது. 'அந்த நாள்' (1954), 'புதிய பறவை' (1964), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) என்று நான்கு படங்களுக்கு இடம் விட்டிருந்தேன். இப்போது அந்தத் தட்டில் மனைவியின் தையல் பெட்டி இருக்கிறது.

"யூரியூப்பில சும்மா கிடக்குதே, எதுக்குக் காத்துக்கொண்டிருக்கிறியள்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். படம் பார்ப்பது வேறு, பளபளப்பான பெட்டி சேர்ப்பது வேறு என்பது அவர்கள் எண்ணம். கதை விளங்கினால் போதாதா என்றும் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு நான் தரும் பதில்.

'அந்த நாள்' படத்தை நான் முதலில் பார்த்தது 1986-இல், யாழ்ப்பாணத்தில், எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு விறாந்தையில். அந்தக் காலத்தில் தொலைக்காட்சியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். முதல் இரண்டும் புதுப்படம். மூன்றாவதைத் தெரிவு செய்யும் உரிமையைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுப்பது வழக்கம். அன்று அந்த உரிமை என் பெரியப்பாவுக்குக் கிடைத்தது. பாட்டே இல்லாத படம் என்று தெரிந்ததும் பாதிப் பேர் பாயில் சரிந்துவிட்டார்கள். நானும் பெரியப்பாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான் விழித்திருந்தோம்.

பெரியப்பா அந்தப் படத்தை வெளிவந்த காலத்திலேயே தியேட்டரில் பார்த்தவர். ஓரிடத்தில் என் தோளைத் தட்டி, "இப்ப சுவரில ஒரு நிழல் வரும், அதைப் பார்" என்றார். நான் பார்த்தேன். திரையில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் இருந்தது. நிழல் வரவில்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொப்பி சரியில்லை" என்றார்.

அவர் காலமாகிவிட்டார். அந்த நிழல் உண்மையிலேயே படத்தில் இருந்ததா, முப்பது வருடத்தில் அவர் மனம் வரைந்துகொண்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நல்ல பிரதி ஒன்று வந்தால் மட்டுமே அதைத் தீர்க்கலாம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டது சரித்திரம். அந்தப் பதற்றமான நாட்களில் ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ராஜனாக சிவாஜி கணேசன். 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட நிறையாத நேரத்தில், தொடக்கத்திலேயே செத்துப்போகும் பாத்திரத்தை அவர் ஏற்றார். துப்பறியும் அதிகாரியாக வருபவர், படத்தின் எழுத்துக்கும் பொறுப்பாக இருந்த ஜாவர் சீதாராமன். மனைவி உஷாவாக பண்டரிபாய். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், இன்னொரு பெண் என்று ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வேறு வேறு ராஜன் வெளிவருகிறான். பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. ஏ.வி.எம். தயாரித்த இந்தப் படத்தை அன்றைய ரசிகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை.

இயக்கியவர் எஸ். பாலச்சந்தர். பின்னாளில் உலகம் அறிந்த வீணை வித்துவான். குரோசாவாவின் 'ரஷோமொன்' (1950) படத்தைப் பார்த்த உந்துதலில் அவர் இதை முதலில் நாடகமாக எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார் என்றும், வானொலி அதை ஏற்கவில்லை என்றும் சொல்வார்கள். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன பனிக்காலம் இரண்டு இரவுகள் தொடர்ந்து என் மகளோடு படம் பார்த்தேன். அவள் இங்கே பிறந்தவள். தமிழ் விளங்கும், பேசவும் பேசுவாள். முதல் இரவு மேல்தட்டிலிருந்து 'ரஷோமொன்'. காட்டில் இலைகளுக்கு நடுவே வெயில் விழுந்து முகங்களில் அசையும்போது அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் இரவு, யூரியூப்பில் 'அந்த நாள்'. அகலத் திரைக்கு ஏற்ப இழுத்து வைத்த படம். சிவாஜி முகம் பூசணிக்காய்போலத் தெரிந்தது. மூலையில் ஒரு நிறுவனத்தின் முத்திரை. வெள்ளை எல்லாம் வெளிறி, கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. நாற்பது நிமிடம் பொறுமையாக இருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, இது ரேடியோ நாடகம் மாதிரி இருக்கு."

அவளுக்கு அந்தப் படத்தின் கதை தெரியாது. பாலச்சந்தர் வானொலிக்கு எழுதியதும் தெரியாது. வானொலி வேண்டாமென்ற ஒரு நாடகத்தை அவரும் ஒளிப்பதிவாளர் மாருதி ராவும் வெளிச்சத்தாலும் நிழலாலும் கமரா கோணத்தாலும் சினிமாவாக மாற்றினார்கள். எழுபது வருடத்தில் நாம் அதைக் கொப்பிக்கு மேல் கொப்பி எடுத்து, திரும்பவும் வானொலி நாடகமாக்கிவிட்டோம். மகள் தீர்ப்புச் சொன்னது அந்தக் கொப்பிக்கு. ஆனால் தண்டனை படத்துக்குப் போய்விட்டது.

மற்ற வகைப் படங்களுக்கு இந்தச் சேதம் இவ்வளவு இல்லை. கலங்கலான பிரதியிலும் குடும்பப் படம் அழவைக்கும், புராணப் படத்துக்கு வசனமும் பாட்டும் போதும். மர்மப் படம் அப்படி இல்லை. அது தடயத்தை நம் கண்முன்னே வைத்துவிட்டு நாம் கவனிக்கிறோமா என்று பார்க்கும் கலை. கதவிடுக்கு, பின்னால் நிற்பவரின் கை, இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் அடர்த்தியான இருட்டு, இவைதான் அதன் மொழி. பாலச்சந்தரின் 'பொம்மை'யில் ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியும், அதைத் தூக்குகிறவர்களுக்குத் தெரியாது. அந்தப் பொம்மை திரையில் எந்த மூலையில் கிடக்கிறது என்பது தெரியாவிட்டால் நெஞ்சு எப்படி அடிக்கும்?

இணையத்தில் ஓடும் மலிவான பிரதிகள் இந்த இருட்டைத்தான் முதலில் தின்னும். கோப்பைச் சிறிதாக்க வேண்டுமென்றால், கறுப்புக்குள் இருக்கும் நுணுக்க வேறுபாடுகளைக் கழித்துவிடுவது சுலபம். அதனால்தான் இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. புளூ-ரே இறுவட்டில் 1080 வரிகள். கனடாவில் நாம் பார்த்த டிவிடியில் 480. வீடியோ நாடாவில் அதன் பாதியளவு. பெரியப்பாவின் நிழல் எந்த வரியில் தொலைந்ததோ!

வண்ணப் படத்தின் கதி இன்னொரு விதம். 'புதிய பறவை' கப்பலில் தொடங்கும். என்னிடமிருந்த நாடாவில் கடலும் ரோஸ், வானமும் ரோஸ், சரோஜாதேவியின் சேலைகளும் ரோஸ். அக்கால ஈஸ்ட்மன் வண்ணப் பிரதிகளில் நீலச்சாயம் முதலில் வெளிறிவிடும், மிஞ்சுவது சிவப்பு. வங்காளத்து 'சேஷ அங்க' (1963) படத்தைத் தழுவிய இந்தக் கதையில் நாயகனின் செல்வமும் செழிப்பும் நம் கண்ணை நிறைக்க வேண்டும். நிறைந்தால்தான் பிறகு வருவது அதிரும். ரோஸ் நிறக் கடலில் அந்த அதிர்ச்சி எனக்குக் கிடைக்கவில்லை. பல வருடமாக அதைச் சுமாரான படம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விமர்சகர்களாகிய நாம் செய்த பிழையும் இதுதான். 'அந்த நாள்' பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பாட்டில்லாத படம் என்பதையும் சிவாஜியின் நடிப்பையும் வசனத்தையும் சொல்வார்கள். காதுக்குக் கேட்டதைச் சொன்னார்கள், கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது? நானும் ரொறன்ரோவில் ஒரு கூட்டத்தில், ஐம்பதுகளின் தமிழ் சினிமா மேடை நாடகத்தைப் படம் பிடித்தது என்று கைதட்டல் வாங்கியிருக்கிறேன். நான் பேசியது நான்காம் தலைமுறைக் கொப்பியைப் பார்த்துவிட்டு. இன்று அந்த வசனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிரதி மாறினால் தீர்ப்பு மாறும் என்பதற்கு ஹிட்ச்கொக்கின் 'வேர்ட்டிகோ' நல்ல உதாரணம். 1958-இல் வந்தபோது அதற்குக் கலவையான வரவேற்புத்தான். பிறகு அவருடைய வேறு நான்கு படங்களோடு சேர்ந்து பல வருடம் திரையிடப்படாமலே கிடந்தது. எண்பதுகளில் திரும்ப வந்தது. 1996-இல் சீர்செய்த பிரதி வெளியானது. 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகை விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. பிரதி மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பார்க்க முடியாத படத்துக்கு எவரும் வாக்களிப்பதில்லை.

இனி நம் பங்கையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் தமிழ்க் கடைகளில் வாடகை வீடியோ எடுக்காத வீடு குறைவு. ஊரிலிருந்து வந்த நாடா பால் முறை, இங்கே என்ரிஎஸ்சி. அதை மாற்றிக் கொப்பி எடுக்க ஒருவர் இருப்பார். அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கடைக்காரர் கொப்பி எடுப்பார். இரண்டு டொலர் கொடுத்துவிட்டு வாரக் கடைசியை நிறைத்துக்கொண்டோம். அந்த இரண்டு டொலரில் படம் எடுத்தவருக்குப் போனது எவ்வளவு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தன் படத்தால் வருமானமே வராதென்று நம்பும் ஒருவர், நெகட்டிவைக் குளிரூட்டிய அறையில் வைத்துக் காப்பாற்றுவார் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்? நான் காத்திருக்கும் இறுவட்டு வராததற்கு என் பழைய வாடகை அட்டையும் ஒரு சாட்சி.

எந்தப் புதுப்பிப்பும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 4கே என்று பெயர் போட்டு, கணினியால் மெருகேற்றிய பழைய பாட்டுக் காட்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோலில் மயிர்க்கால் இல்லை, எல்லாரும் மெழுகுப் பொம்மை. பிலிமின் துகள் அழுக்கில்லை, படத்தின் தசை அது. மூல நெகட்டிவையோ அதற்கு அடுத்த நல்ல பிரதியையோ தேடி எடுத்து, சட்டம் சட்டமாகத் துடைத்து, அதன் கறுப்பைக் கறுப்பாகவே விட்டுவைப்பதுதான் சீர்செய்தல். அதற்குக் காலமும் காசும் வேண்டும்.

முடியாத காரியமில்லை. 2012-இல் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டுத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் நன்றாக ஓடியது. 2025 செப்டெம்பரில் ரொறன்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவில், ரோய் தொம்சன் மண்டபத்தில் சீர்செய்த 'ஷோலே' காட்டப்பட்டது. தணிக்கையால் 1975-இல் மாற்றப்பட்ட முடிவு அதில் பழையபடி சேர்ந்திருந்தது. எங்கே எது பிழைத்திருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. 1978-இல் கனடாவின் வடக்கே டோசன் நகரில் நிலத்தைத் தோண்டியபோது மௌனப் படச் சுருள்கள் 533 கிடைத்தன. உறைந்த மண் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. சென்னையின் வெக்கையிலும் ஈரத்திலும் அப்படி ஒரு தயவு கிடைக்காது. அங்கே ஒவ்வொரு வருடமும் கணக்கில் வரும்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக நாம் மூன்று மில்லியன் டொலர் சேர்த்தோம். இலக்கை எட்டியது 2021-இல். அரங்கேற்றங்களிலும் நடைபவனிகளிலும் ஐந்து, பத்து டொலராகச் சேர்ந்த காசும் அதில் உண்டு. அந்த இருக்கையில் அமர்ந்து படிக்கப்போகும் பிள்ளைக்குத் தமிழ் சினிமாவைக் காட்ட எந்தப் பிரதியைக் கொடுக்கப்போகிறோம்? ஒரு படம், ஒரேயொரு படம். உரிமையாளரை அணுகி, நெகட்டிவ் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் செய்வோம். பிறகு செலவைப் பகிர்வோம். ஐந்நூறு பேர் முன்பணம் கட்டினால் பேச்சுத் தொடங்கலாம். நான் முதல் ஆள். பதினைந்து வருடம் சும்மா காத்திருந்தவனுக்கு அந்த அளவாவது கடமை இருக்கிறது.

போன கிழமை மகள் தொலைபேசியில் கதைக்கும்போது திடீரென்று கேட்டாள்: "அப்பா, அந்தப் படத்தில அவரைச் சுட்டது யார்?"

பாதியில் எழுந்து போனவள் மூன்று மாதமாக அதை மனதில் வைத்திருக்கிறாள். கூகிளில் தேடினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தேடவில்லையாம்.

நானும் சொல்லவில்லை. தையல் பெட்டியை எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கிறேன்.