கன்னக்கோல்

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈக்கு நீளம் மூன்று மில்லிமீட்டர்தான். நம்மைப்போல் எதிர்ப்பொருள் தயாரிக்க அதற்குத் தெரியாது. பிறவியிலேயே வாய்த்ததை வைத்துத்தான் நோயோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பிறவிச் சொத்தில் ஒரு நுணுக்கம் உண்டு; எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காதது.

மெட்டாரைசியம் பூஞ்சையைத் தென்னை வைத்திருப்பவர்கள் அறிவார்கள். காண்டாமிருக வண்டின் புழுக்களைக் கொல்ல எருக்குழியில் இடுவது அதைத்தான். பூச்சி அதைத் தின்ன வேண்டும் என்பதில்லை. வித்து மேல்தோலில் ஒட்டி முளைக்கும். பிஆர்1 என்ற நொதியைச் சுரந்து தோலின் புரதத்தை அறுத்து உள்ளே போகும். சுவரில் துளையிடும் திருடனின் கன்னக்கோல் அது.

ஈயின் குருதியில் பெர்செஃபனி என்றொரு புரதம் செயலற்றுக் கிடக்கிறது. உள்ளே வந்த கன்னக்கோல் அதையும் வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்டால்தான் பெர்செஃபனி விழிக்கும்! அது தொடங்கிவைக்கும் வெட்டுகளின் வரிசையில் கடைசியாக ஷ்பெட்ஸ்லே என்ற புரதம் நறுக்கப்பட்டு, கொழுப்புத்திசுச் செல்களின் மேலுள்ள டோல் ஏற்பியில் போய்ப் பொருந்துகிறது. உடனே ட்ரோசோமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி குருதியில் பெருகுகிறது. பூஞ்சையின் சுவர்ச்சர்க்கரையைக் கண்டு எச்சரிக்கும் வேறொரு புரதமும் உண்டு. ஆனால் சுவரை மறைத்துக்கொள்ளப் பூஞ்சையால் முடியும். கன்னக்கோல் இல்லாமல் எப்படி நுழைவது?

இவ்வளவுக்கும் பிறகு பல நேரம் பூஞ்சைதான் ஜெயிக்கிறது. இல்லாவிட்டால் எருக்குழிவரை வந்திருக்குமா?

கருவில் முதுகு எது, வயிறு எது என்று பிரித்துவைப்பதும் இதே டோல்தான். அந்த வேலைக்காகவே அது முதலில் அறியப்பட்டது. அது காவலும் காக்கிறது என்பதை 1996-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன், புரூனோ லெமத்ர் குழுவினர் காட்டினார்கள். டோல் பழுதான ஈயின் உடலில் பூஞ்சை இழைகள் ரோமம்போல் அடர்ந்திருந்த படம் இன்றும் பாடநூல்களில் வருகிறது. 2011-இல் ஹாஃப்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மனிதருக்கும் டோல் போன்ற ஏற்பிகள் 10 உண்டு. அவை கிருமியின் துணுக்கையே நேரடியாகப் பற்றி அறிகின்றன. ஈயின் டோல் கிருமியைத் தொடுவதேயில்லை. ஷ்பெட்ஸ்லே சொன்னால்தான் அதற்குச் சேதி. வேகத்தில் எது உசத்தியோ, வேலைப்பாட்டின் அழகில் என் ஓட்டு ஈக்குத்தான்.