உனோகாய் என்னும் சொல்லும் சாக்னனின் அட்டவணையும்

வெனிசுவேலா, பிரேசில் ஆகிய இரு நாடுகளின் எல்லைக் காடுகளில் வாழும் யானோமாமி மக்களின் போர்களைக் குறித்து மானிடவியலார் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்த்திவரும் வாதம் பெரிது. அதனை முற்றும் ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. மொழியாராய்ச்சியுடையார் உரிமையுடன் புகத்தக்க வாயில் ஒன்று அவ்வாதத்தில் உண்டு. அதனையே நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

நெப்போலியன் சாக்னன் 1964ஆம் ஆண்டில் இம்மக்களிடையே ஆய்வு தொடங்கி, 1968இல் வெளியிட்ட நூலுக்குக் 'கொடிய மக்கள்' எனத் துணைப்பெயர் இட்டார். பின்னர் 1988இல் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரையே பெரும்பூசலுக்கு வித்தாயிற்று. இருபத்தைந்தும் அதற்கு மேலும் அகவையுடைய ஆடவருள் நூற்றுக்கு 44 பேர் ஒரு கொலையிலேனும் பங்குகொண்டவர் என்றும், அவர்க்கு ஏனையோரினும் மனைவியர் இருமடங்கிற்கு மேல் என்றும், மக்கள் மும்மடங்கு என்றும் அக்கட்டுரை கூறிற்று. அட்டவணையில் 'உனோகாய்' எனக் குறிக்கப்பெற்றோர் 137 பேர்; அவர்தம் சராசரி மக்கட்பேறு 4.91, ஏனையோர்க்கு 1.59. கொன்றவன் குடி பெருகும் என்பதே படித்தோர் பலரும் கொண்ட முடிபு.

உனோகாய் என்பதைக் 'கொன்றவன்' எனப் பெயர்த்தது பொருந்துமா? அச்சொல் நேரே குறிப்பது 'உனோகாய்மோ' என்னும் தூய்மைச் சடங்கிற்கு உட்பட்ட நிலையினை. கொலையுண்டவனது உடற்கூறு கொன்றவன் வயிற்றினுள் செரிக்கின்றது என அம்மக்கள் கருதுதலின், அவன் ஒதுங்கி உணவு குறைத்து நோன்பிருத்தல் வேண்டும். ஒருவன்மேல் பலர் அம்பெய்தால் அப்பலரும் இச்சடங்கிற்கு உரியர். இதனைச் சாக்னனும் கூறுகின்றார். சூனியத்தாலும் மந்திரத்தாலும் பகைவனை வீழ்த்தியதாக நம்புவோரும் இந்நிலை எய்துவர் எனப் புரூஸ் ஆல்பர்ட் மறுத்துரைத்தார். அவ்வாறாயின், சடங்குற்றோர் தொகையைக் கொன்றோர் தொகையாகக் கொள்ளுதல் எங்ஙனம்? மறம் என்னும் நம் சொல்லை எங்கும் கொலை என்றே பெயர்ப்பவன் எத்தகைய தமிழரைப் படைத்துக் காட்டுவான் என எண்ணிப் பார்த்தால் இவ்விடர்ப்பாடு தெளிவாகும்.

கணக்கிலும் ஓர் ஐயம் உண்டு. அகவை மிக மிகச் சடங்குற்றோரும் மிகுவர், மக்கட்பேறும் மிகும். அதே அட்டவணையில் நாற்பதைக் கடந்தோரை மட்டும் ஒப்பிட்டால் 6.99க்கு 4.19 என அமைகின்றது. மும்மடங்கு இருமடங்கினும் கீழிறங்குகின்றது. மேலும், அங்கு எண்ணப்பெற்றோர் உயிருடன் இருந்தவரே. கொன்றபின் பழிக்குப் பழியாகத் தாமும் மாண்டோர் அதில் இடம்பெறவில்லை என 1989இல் பிரையன் பெர்குசன் எழுப்பிய வினா வலியுடையது. எனினும் வேறுபாடு முற்றும் மறையவில்லை என்பதையும், மறுப்போர்க்கு வேண்டிய எண்களைச் சாக்னனே ஒளியாது தந்தார் என்பதையும் மறத்தல் நேர்மையன்று.

இறந்தார் பெயரை உரைத்தல் அம்மக்களிடையே பெருங்குற்றம். தொடக்கத்தில் அவர்கள் பொய்ப்பெயர்களைத் தந்து தம்மை எள்ளியதையும், சில திங்கள் கழித்தே அஃது அறிந்து முழுவதும் களைந்ததையும் சாக்னனே எழுதியுள்ளார். கொலைக்கணக்கு இறந்தார் பெயரின்மேல் நிற்பது ஆதலின் இச்செய்தி நகைச்சுவையாகக் கழிக்கத்தக்கதன்று.

போரின் காரணம் பற்றிய கொள்கைகளுள், ஊனுணவுக் குறைவே காரணம் என்ற மார்வின் ஹாரிஸின் கூற்று 1979இல் சாக்னனும் ஹேம்ஸும் தந்த அளவுகளால் தளர்ந்தது. வெளியாரிடமிருந்து வந்த இரும்புக் கருவிகளைப் பெறும் போட்டியே போரை வளர்த்தது எனப் பெர்குசன் 1995இல் நிறுவ முயன்றார். வரலாற்றை உட்புகுத்தியது அவர்தம் நன்மை. அம்மக்கள் தாமே கூறும் பழியுணர்ச்சியை ஒதுக்கியது அவர்தம் குறை. 2000இல் டியர்னி சாட்டிய தட்டம்மைக் குற்றம் நிலைபெறவில்லை. ஆள்மேற் சென்ற அப்பூசலில் சொற்பொருள் ஆய்வு பின்தள்ளப்பட்டதே மிச்சம்.

சொல்லொன்றைப் பற்றி இத்துணை வாதிடல் வேண்டுமோ எனின், வேண்டும். 1988இல் பிரேசில் அரசு அவர்தம் நிலத்தை 19 துண்டுகளாகப் பிரிக்க முற்பட்ட காலத்தில், 'கொடியவர்' என்னும் படிமம் அதற்குத் துணைபோகும் என அந்நாட்டு மானிடவியலார் முறையிட்டனர். துண்டாடற்குப் பொன்னாசையே முதற்காரணம் என்பதும், கட்டுரை காரணமன்று என்பதும் நம் கருத்து. ஆயின் அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. 1992இல் நிலம் முழுமையாக உறுதிசெய்யப்பெற்றது. மறு ஆண்டே ஹாஷிமூவில் பொன் தோண்டுவோர் 16 யானோமாமியரைக் கொன்றனர்.

அதே 1992இல் வெளிவந்த சாக்னன் நூலின் நான்காம் பதிப்பில் 'கொடிய மக்கள்' என்னும் துணைப்பெயர் நீக்கப்பெற்றது. அத்தொடர்க்கு மூலமான 'வையித்தேரி' என்னும் சொல், அஞ்சாமையையும் உறுதியையும் குறிப்பது என ஆல்பர்ட் முதலியோர் விளக்குவர். 137 பேருள் உயிருள்ளவன்மேல் அம்பெய்தோர் எத்துணையர், மந்திரத்தால் கொன்றதாக நம்பினோர் எத்துணையர் என்னும் பகுப்பை மட்டும் அவ்வட்டவணை காட்டவில்லை.