இரசிகரின் பெயராற் பேசுவோர்: அமெரிக்க வெகுசன விஞ்ஞானப் புனைகதை பற்றிய சில குறிப்புகள்

வெகுசனப் பண்பாடு பற்றிய நமது மதிப்பீடுகள் பெரும்பாலும் இரு முனைகளில் நின்றுவிடுகின்றன. சித்திரக்கதைகளையும் தொலைக்காட்சித் தொடர்களையும் முதலாளித்துவம் மக்களுக்கு ஊட்டும் மயக்கமருந்து என ஒதுக்கிவிடுவது ஒரு முனை. மக்கள் விரும்புகின்றனர் என்பதனையே அவற்றின் தகுதிக்குச் சான்றாகக் கொள்வது மறுமுனை. இரு நிலைப்பாடுகளும் படைப்பினை ஊன்றி நோக்கும் பொறுப்பிலிருந்து விமர்சகனை விடுவித்துவிடுகின்றன. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பாடற் சாதனமாக ஆராய்ந்த நூல் 1981இல் வெளிவந்தது. வெகுசனக் கலையை அதன் சமூக இயங்குநிலையில் வைத்து ஆராய முடியும் என்பதனை அந்நூல் காட்டிற்று. அத்தகைய நோக்கிலேயே ஐக்கிய அமெரிக்காவின் விஞ்ஞானப் புனைகதை சார்ந்த சித்திரக்கதை ஒன்றினையும் தொலைக்காட்சித் தொடர்கள் இரண்டினையும் இங்கு அணுக முற்படுகின்றோம். நாம் எழுப்பும் வினா ஒன்றே: ‘வாசகர் இதனை ஏற்கமாட்டார்’ என்று கூறப்படும்போது, உண்மையிற் பேசுபவர் யார்?

1953இல் ஈ.சி. என்னும் சித்திரக்கதை நிறுவனத்தின் சஞ்சிகை ஒன்றில் ‘தீர்ப்பு நாள்’ எனப் பொருள்படும் தலைப்புடன் சிறு கதையொன்று வெளிவந்தது. அதனை எழுதியவர் அல் ஃபெல்ட்ஸ்டைன். வரைந்தவர் ஜோ ஓர்லாண்டோ. இயந்திர மனிதர் வாழும் கோளொன்று விண்மண்டலக் குடியரசிற் சேரத் தகுதியுடையதா என ஆராயப் பூமியிலிருந்து அதிகாரி ஒருவர் வருகின்றார். அங்கே செம்மஞ்சள் நிற இயந்திரங்கள் வசதியோடு வாழ, நீல நிற இயந்திரங்கள் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வாழ்கின்றன. மேலுறையின் நிறம் தவிர இரண்டுக்குமிடையே வேறுபாடு எதுவும் இல்லை. அக்கோள் இன்னும் தகுதி பெறவில்லை எனத் தீர்ப்பளித்துவிட்டு அதிகாரி திரும்புகின்றார். இறுதிச் சித்திரத்திலேயே அவர் தமது தலைக்கவசத்தைக் கழற்றுகின்றார். அவர் ஒரு கறுப்பின மனிதர். கவசத்தினுள் இருந்தவர் வெள்ளையரே என எண்ணிக்கொண்டு வந்த வாசகன், தீர்ப்பு தனக்கும் உரியது என்பதனை அக்கணத்திலேயே உணர்கின்றான்.

1954இற் சித்திரக்கதை வெளியீட்டாளர்கள் தமக்கெனத் தணிக்கை விதிக்கோவை ஒன்றினை வகுத்துக்கொண்டனர். எந்தவோர் இனத்தவரையும் இழிவுபடுத்தலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆயினும் 1956இன் முற்பகுதிக்குரிய இதழொன்றில் இதே கதையை மறுபிரசுரம் செய்ய ஈ.சி. முற்பட்டபோது, தணிக்கைப் பொறுப்பாளர் சார்ள்ஸ் மர்ஃபி அம்மனிதர் கறுப்பினத்தவராக இருத்தலாகாது என ஆட்சேபித்தார். இழிவுபடுத்தலைத் தடுக்க வகுக்கப்பட்ட ஏற்பாடு, மதிப்புக்குரிய நிலையில் ஒரு கறுப்பின மனிதர் தோன்றுவதற்கே தடையாக வந்து நின்றது. வெளியீட்டாளர் வில்லியம் கெய்ன்ஸ் பணிய மறுத்தார். கதை மாற்றமின்றி வெளியாயிற்று. அத்துடன் அந்நிறுவனத்தின் சித்திரக்கதை வெளியீடும் முடிவுற்றது. மொன்ற்கொமரி நகரிற் கறுப்பின மக்கள் பேருந்துப் பகிஷ்கரிப்பை நடத்திக்கொண்டிருந்த காலம் அது என்பதனையும் மனங்கொள்ளல் வேண்டும்.

பத்தாண்டுகளின் பின்னர், 1966 செப்டெம்பர் 8ஆந் திகதி, என்.பி.சி. தொலைக்காட்சியில் ஜீன் றொடன்பெரி உருவாக்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ ஆரம்பமாயிற்று. கறுப்பினப் பெண் ஒருவரும், யப்பானிய வம்சாவளியினர் ஒருவரும், 1967 முதல் ருஷ்யர் ஒருவரும் ஒரே விண்கலத்திற் சமமாகப் பணிபுரியும் எதிர்காலத்தினை அத்தொடர் காட்டியது. வியட்நாம் யுத்தமும் சிவில் உரிமைப் போராட்டமும் நிகழ்ந்துகொண்டிருந்த நாட்டில் அக்காட்சி அற்ப விடயமன்று. ஊஹுரா என்னும் பாத்திரத்தை ஏற்ற நிஷெல் நிகோல்ஸ் தொடரிலிருந்து விலக எண்ணியபோது, மார்ட்டின் லூதர் கிங் தம்மைத் தொடர்ந்து நடிக்குமாறு வேண்டினார் எனப் பின்னாளிற் கூறியுள்ளார். ஆயினும் அதே ஊஹுராவுக்கு வழங்கப்பட்ட பணி, பெரும்பாலான அத்தியாயங்களிற் செய்தியை வாங்கிக் கொடுப்பதாகவே அமைந்தது. எதிர்காலத்தில் அவருக்கு ஆசனம் இருந்தது. தீர்மானிக்கும் அதிகாரம் அரிதாகவே கிடைத்தது.

1968 நவம்பரில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் கப்டன் கேர்க்கும் ஊஹுராவும் முத்தமிடும் காட்சி இடம்பெற்றது. அது பிறரின் மனோசக்தியால் நிர்ப்பந்திக்கப்பட்ட செயலாகவே கதையில் அமைக்கப்பட்டிருந்தது. தென் மாநிலப் பார்வையாளர் சீற்றங்கொள்வர் என்ற அச்சம் நிறுவனத்தாருக்கு இருந்தது. ஆனால் அதன் பின்னர் வந்த கடிதங்களுட் பெரும்பாலானவை வரவேற்றே எழுதப்பட்டிருந்தன என நிகோல்ஸ் நினைவுகூர்ந்துள்ளார். அச்சங்கொண்டோர் பார்வையாளரின் பெயராலேயே அச்சங்கொண்டனர் என்பது இங்கு அவதானிக்கத்தக்கது.

இத்தொடரின் தாராண்மைவாதத்துக்கும் எல்லைகள் இருந்தன. 1967 மார்ச்சில் ஒளிபரப்பான ‘இருளிற் பிசாசு’ எனப் பொருள்படும் அத்தியாயத்தில், சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் கொடிய பிராணி, உண்மையில் தன் முட்டைகளைக் காக்கும் தாய் எனத் தெரியவருகின்றது. அந்நியமானதைப் பகையென்று கொள்ளாது புரிந்துகொள்ளல் வேண்டும் என்னும் கருத்து அங்கு மனத்தைத் தொடும் வகையில் வெளிப்படுகின்றது. ஆனால் முடிவிலே ஏற்படும் உடன்பாடு யாது? அப்பிராணியின் குஞ்சுகள் நிலத்தைக் குடைந்து செல்லும். மனிதர் கனிப்பொருளை எடுத்துச் செல்வந்தராவர். ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணின் உரிமையாளர் மன்னிக்கப்பட்டு உழைப்பாளராக்கப்படுகின்றனர். 1968 பெப்ரவரியில் வெளியான மற்றோர் அத்தியாயத்தில், எதிரி ஒரு தரப்புக்கு ஆயுதம் வழங்குகின்றான் என்பதனால் மறுதரப்புக்கும் அதேயளவு ஆயுதம் வழங்குவதே வழி எனக் கப்டன் முடிவுசெய்கின்றார். அம்முடிவு துயரத்தோடு எடுக்கப்படுகின்றது என்பது உண்மையே. எனினும் வியட்நாமிற் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளையில், யுத்தத்துக்கு வேறு மாற்று உண்டு என்பதனை அவ்வத்தியாயத்தின் எதிர்காலம் எண்ணிப்பார்க்கவில்லை.

இனி இரசிகரை நோக்குவோம். தொடர் நிறுத்தப்படும் எனப் பேச்செழுந்தபோது, 1967இன் இறுதியிலிருந்து நாடெங்குமிருந்து என்.பி.சி.க்குக் கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச் 1ஆந் திகதி, தொடர் நீடிக்கும் என நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. ஆனால் அடுத்த பருவம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு ஒதுக்கப்பட்டது. 79 அத்தியாயங்களுடன் 1969இல் தொடர் முடிவுற்றது. கடிதம் எழுதியவர்கள் தொடரின் ஆயுளை நீட்டினரேயன்றி, அதன்மீது அதிகாரம் எதனையும் பெறவில்லை. ஆயினும் அவர்கள் கலைந்துவிடவுமில்லை. தாமே சிறுசஞ்சிகைகளை வெளியிட்டனர்; புதிய கதைகளை எழுதினர்; 1972இல் நியூயோர்க்கில் மாநாடு கூடினர். இவ்வுயிர்ப்பு 1979இற் திரைப்படமாக மீண்டும் விலைக்கு வந்தது. மக்களின் பற்று மூலதனத்தின் கையிற் பண்டமாக மாறும் நிகழ்முறைக்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

அதே வேளை, அப்பற்று படைப்பின் வாக்குறுதியை மறக்கவிடாத நினைவாகவும் செயற்பட்டது. கறுப்பின நாயகனை மையமாகக் கொண்ட முதலாவது ஸ்டார் ட்ரெக் தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ 1993இலேயே தோன்றியது. அதில் 1998 பெப்ரவரியில் ஒளிபரப்பான ‘விண்மீன்களுக்கு அப்பால்’ எனப் பொருள்படும் அத்தியாயத்தை, நாயகனாக நடித்த ஏவரி புரூக்ஸே நெறிப்படுத்தினார். 1953ஆம் ஆண்டு நியூயோர்க்கில், விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையிற் பணியாற்றும் கறுப்பின எழுத்தாளன் ஒருவன், கறுப்பினத் தலைவனைக் கொண்ட கதையொன்றை எழுதுகின்றான். வாசகர் ஏற்கமாட்டார் என்கிறார் ஆசிரியர். எழுத்தாளரின் புகைப்படம் எடுக்கும் நாளில் அவன் வரவேண்டாம் என்றும் கூறப்படுகின்றது. இறுதியில் வெளியீட்டாளர் இதழ் முழுவதையுமே அழித்து, அவனையும் வேலைநீக்கம் செய்கின்றார். வாசகர் அக்கதையை வாசிக்கவேயில்லை. அவர்களின் பெயரால் வழங்கப்பட்ட தீர்ப்பு அவர்களைக் கேளாமலே நிறைவேறிவிட்டது. மெய்யுலகிலோ, அதே 1953இல் ‘தீர்ப்பு நாள்’ வெளிவந்தது. வாசகரும் அதனை வாசித்தனர். எழுத்தாளர் ரே பிராட்பரி அதனைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

இவ்வாறு கூறுவதனால் இரசிகர் யாவரையும் முற்போக்காளர் என நாம் கொள்ளவில்லை. 2022இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ சார்ந்த தொடரொன்றில் நடித்த மோசஸ் இங்ரம் என்னும் கறுப்பின நடிகை இனவெறி நிறைந்த செய்திகளாற் தாக்கப்பட்டார். அவற்றை எழுதியோரும் தம்மை இரசிகரெனவே கூறிக்கொண்டனர். இரசிகர் என்போர் ஒருதன்மைத்தான கூட்டமன்று. சமூகத்தின் முரண்பாடுகள் யாவும் அவர்களிடையேயும் உள்ளன. இதனாலேயே ‘மக்கள் விருப்பம்’ என்ற சொல்லை ஆராயாது ஏற்பதும், ஆராயாது இகழ்வதும் ஒரே தவறின் இரு வடிவங்களாகின்றன.

எதிர்காலத்தைப் பற்றிய கதை, அது எழுதப்படும் காலத்தின் உடைமை உறவுகளை மீறிச் செல்ல விழைகின்றது. அவ்வுறவுகளாலேயே தடுத்தும் நிறுத்தப்படுகின்றது. அவ்விழைவையும் அத்தடையையும் ஒருங்கே இனங்காண்பதே விமர்சகனின் பணியாகும். தணிக்கையாளரும், நிறுவனத்தாரும், சில வேளைகளில் விமர்சகராகிய நாமும், இரசிகரின் பெயராற் பேசுவது எளிது. அவர்கள் எழுதிய கடிதங்களையும் நடத்திய சஞ்சிகைகளையும் வாசித்து, அவர்கள் எதனை வேண்டினர் என அறிவது அதனினும் கடினமானது. ஆனால் பயனுடையது அதுவே.