யாருக்கு இழப்பீடு?

அந்தோனி பர்ஜஸ்ஸின் மலாயா நாவல் வரிசையில் கடைசி நூலான 'பெட்ஸ் இன் தி ஈஸ்ட்' (1959) நாவலைப் போன மாதம் இரண்டாவது தடவையாகப் படித்தேன். பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சிரித்துக்கொண்டே படித்த நூல். இந்த முறை சிரிப்பு அவ்வளவாக வரல.

கதை நடப்பது 1957 சுதந்திரத்தை ஒட்டி. கல்வி அதிகாரி விக்டர் கிராப் தன் நாற்காலியை உள்ளூர்க்காரரிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டம். அவன் இந்த நாட்டை நேசிக்கிறான்; நாட்டுக்கோ இனி அவன் தேவையில்லை. அந்த வெறுமையை பர்ஜஸ் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கிராப் போன்றவர்களின் புறப்பாட்டுக்குப் பின்னால் ஒரு பணக்கணக்கும் இருந்தது. நாவலின் கனம் அந்தப் பக்கம் விழவே இல்லை.

மலாயாமயமாக்கத்தில் பதவி விலகிய வெள்ளை அதிகாரிகளுக்கு ஓய்வூதியத்தோடு, 'பணிவாழ்வு இழப்பு' என்று மொத்தமாக ஒரு தொகையும் கொடுத்தார்கள். வயது, பணிக்காலம், சம்பளம் மூன்றையும் வைத்துப் போட்ட கணக்கு. நாற்பதை ஒட்டிய வயதுக்காரருக்குத்தான் அதிகம். அந்த வயதில் இன்னொரு வேலை தேடுவது சிரமம் இல்லையா? இப்போது நம் கம்பெனிகளில் வி.எஸ்.எஸ். என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். கொடுத்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். யார் கொடுத்தது என்பதுதான் கேள்வி. ஐம்பதுகளில் பொதுவாக அந்தச் சுமை விடுதலை பெறும் நாட்டின் கஜானா மேலேயே விழுந்தது. அனுபவசாலியும் போகிறார், அவரை அனுப்பிவைக்கப் பணமும் போகிறது. பாதியை ஏற்க பிரிட்டன் முன்வந்தது 1961இல்தான். அதற்குள் நமக்குச் சுதந்திரம் கிடைத்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

அதே காலத்தில் தோட்டத் துண்டாடல் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றன. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். பால்மரம் சீவியவர்களுக்கு வேலையும் போச்சு, லயத்து வீடும் போச்சு. என் பாட்டிக்கு அந்த மாசச் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. இருபது வருஷம் சீவின கைக்கு எந்தப் பெருக்கலும் இல்லை. 1960இல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தொழிலாளர்களே மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டம் வாங்க வேண்டியிருந்தது.

பர்ஜஸ்ஸுக்குத் தமிழரைத் தெரியாமல் இல்லை. வைத்திலிங்கம், ஆறுமுகம், சுந்தரலிங்கம் என்று யாழ்ப்பாணத்து உத்தியோகஸ்தர்களை வைத்து நன்றாகவே கேலி செய்கிறார். கடைசியில் கிராப் ஒரு தோட்டத்துக்கும் போகிறான். அங்கேயும் நாம் உட்காருவது துரை வீட்டில்தான். கிராப்பின் முடிவு அந்த ஆற்றில் வருகிறது; நாவல் அவனுக்காக வருந்துகிறது.

நானும் வருந்தினேன். படிக்க வேண்டிய நாவல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் துரை வீட்டிலிருந்து லயம் எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்றுதான் கடைசிப் பக்கம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.