அடை பார்க்கும் கண்

தேனீ வளர்ப்பில் கைவேலை குறைவு, கண்வேலை அதிகம். பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒரு சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், தேர்ந்த கண்ணுக்கு அந்த அடையில் கழிந்த பத்து நாளும் வரப்போகும் பத்து நாளும் தெரியும். அறையின் அடியில் முட்டை நிமிர்ந்து நின்றால் அன்று இட்டது. சாய்ந்திருந்தால் ஒரு நாள் கழிந்தது. படுத்துவிட்டால் மூன்றாம் நாள், அடுத்தது புழு. இது தெரிந்தவர் இராணியைத் தேடிச் சட்டம் சட்டமாகப் புரட்டுவதில்லை. நிற்கும் முட்டை ஒன்று கண்ணில் பட்டதும் பெட்டியை மூடிவிடுவார்.

மூடிய அறைகளிலும் படிக்க நிறைய இருக்கிறது. வேலைக்காரத் தேனீ வளரும் அறையின் மூடி தட்டையானது. ஆண் ஈ வளரும் அறையின் மூடி புடைத்து நிற்கும். இந்தியத் தேனீயின் கூட்டில் அதன் நடுவே ஊசிமுனை அளவு துளை ஒன்றும் இருக்கும். இத்தாலியத் தேனீயின் அடையில் அந்தத் துளை கிடையாது. அடையின் கீழ் விளிம்பில் இராணி அறைகள் பல தொங்கினால் கூட்டம் பிரிந்து போகத் தயாராகிறது. ஒன்றிரண்டு மட்டும் அடையின் நடுப்பகுதியில் இருந்தால், பழைய இராணி தளர்ந்துவிட்டது அல்லது மாண்டுவிட்டது என்று பொருள். தொங்கும் அறையின் நுனியில் மெழுகு சுரண்டப்பட்டுப் பழுப்பாகத் தெரிந்தால், புது இராணி வெளிவர அதிக நேரம் இல்லை. ஒரே அறையில் மூன்று நான்கு முட்டைகள், அவையும் பக்கச் சுவரில் ஒட்டிக் கிடந்தால், இராணி போய் நாளாகி வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அந்த முட்டைகளிலிருந்து ஆண் ஈக்கள்தான் வரும். கூட்டத்துக்கு எதிர்காலம் இல்லை.

இவ்வளவையும் ஒரு கையேட்டின் இரண்டு பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். கண்ணில் படியவைப்பதுதான் கடினம். வீட்டுக் கொல்லையில் இரண்டு பெட்டி வைத்திருப்பவருக்கு இராணி அறையைப் பார்க்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வரும். முட்டையிடும் வேலைக்காரிகளைச் சில ஆண்டுகள் பார்க்காமலே போகலாம், பார்க்கும்போது அடையாளம் தெரியாமலும் போகலாம். ஊர்ச் சங்கம் தரும் முதல் நன்மை இந்த இடத்தில் இருக்கிறது. உறுப்பினர் ஒருவரின் தோப்பில் கூடும் நாளில் ஒரே காலையில் இருபது முப்பது பெட்டிகள் திறக்கப்படும். அனுபவசாலி விளக்கம் சொல்லமாட்டார். சட்டத்தைப் புதியவர் கையில் கொடுத்து, “என்ன தெரியுது, சொல்லுங்க” என்பார். அப்போதுதான் சட்டத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியபடியே திருப்பும் பழக்கம் கைக்கு வருகிறது. படுக்கவைத்தால் வெயிலில் இளகிய புது அடை முறிந்து விழும். புகையை எவ்வளவு குறைவாகப் போட வேண்டும் என்பதும் பக்கத்தில் நின்று பார்த்தே தெரிகிறது. இந்தியத் தேனீ மிரளும் இனம். புகை மிகுந்தால் அடையை விட்டு ஓடும்; தொந்தரவு தொடர்ந்தால் கூட்டையே காலி செய்துவிட்டுக் குடிபெயரும். இராணி இழந்த கூட்டத்தின் இரைச்சல் வேறு மாதிரி இருக்கும் என்பதை எழுத்தில் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாது.

இந்தக் கூட்டுக் கல்விக்குத் தமிழ்நாட்டில் நல்ல எடுத்துக்காட்டு கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம். திருச்சி புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த பாதிரியார் நியூட்டன், 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய கூட்டத்துக்கும் ஏற்ற பெட்டியை வடிவமைத்துப் பயிற்சியும் கொடுத்தார். 1917-இல் திருவிதாங்கூரில் தேனீ வளர்ப்புத் தொடங்கியது. மார்த்தாண்டம் அப்போது அந்தச் சமஸ்தானத்தின் ஊர். 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ.யின் கிராம முன்னேற்ற மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், குடியானவரின் துணைத்தொழில்களில் தேனீக்கு முக்கிய இடம் தந்தார். மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937-இல் உருவானது. பயிற்சி முன்னே வந்தது, சங்கம் பின்னே வந்தது என்ற வரிசை கவனிக்கத்தக்கது. மானியத்துக்காகப் பெயரளவில் தொடங்கும் சங்கங்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகின்றன.

ஊர் முழுவதும் ஒரே அளவுப் பெட்டியில் வளர்ப்பதன் அருமை வெளியாருக்கு எளிதில் புலப்படாது. நியூட்டன் பெட்டியோ, அதையொட்டி மார்த்தாண்டத்தில் உருவான மார்த்தாண்டம் பெட்டியோ, எதுவானாலும் பக்கத்துத் தோப்புக்காரரின் சட்டம் தன் பெட்டியில் இடைவெளி பிசகாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஒரு கூட்டத்தையே காப்பாற்றலாம். இராணியை இழந்த பெட்டிக்கு மருந்து, இளம் முட்டையுள்ள ஒரு சட்டம்தான். வேலைக்காரத் தேனீக்கள் அந்த முட்டையிலிருந்தோ இளம்புழுவிலிருந்தோ புது இராணியை வளர்த்துக்கொள்ளும். இரண்டே பெட்டி உள்ளவரிடம் கொடுக்கக்கூடிய சட்டம் பெரும்பாலும் இருக்காது. அடுத்த வீட்டு உறுப்பினரிடம் இருக்கும். இன்று வாங்கியதை ஐப்பசியில் திருப்பிக் கொடுக்கலாம், வேறு வகையில் ஈடுகட்டலாம். கணக்குப் புத்தகத்தில் ஏறாத இந்தக் கைமாற்றுதான் நல்ல சங்கத்தின் உண்மையான முதலீடு. தேன் சுழற்றும் எந்திரம், மெழுகுத் தாள் போன்றவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்வதும் சிக்கனம்தான். ஆனால் அது எந்தக் கூட்டுறவுக்கும் பொருந்தும் நன்மை.

தேனீக்கே உரிய காரணம் வேறு. புது இராணி பெட்டிக்குள் இணைசேர்வதில்லை. வெளியே பறந்து போய், வானத்தில் பல ஆண் ஈக்களோடு இணைந்து திரும்புகிறது. அந்த ஆண் ஈக்கள் யாருடைய பெட்டியைச் சேர்ந்தவை என்று யாரும் சொல்ல முடியாது. எனவே ஒருவர் எவ்வளவு கவனமாக நல்ல இராணியைத் தேர்ந்தாலும், அதன் சந்ததியில் பாதி ஊராரின் பங்கு. ஒரே வம்சத்துப் பெட்டிகள் மட்டும் ஒதுங்கி இருந்தால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்க்கை நடக்கும். அதன் விளைவு அடையில் தெரியும்: மூடிய அறைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெற்று அறைகள். உறவுக் கலப்பால் பிறக்கும் குறையுள்ள ஆண் புழுக்களை வேலைக்காரத் தேனீக்களே தின்றுவிடுவதால் வரும் ஓட்டைகள் அவை. புதியவர் இதை நோய் என்று நினைத்துப் பயப்படுவார். விவரம் தெரிந்தவர் தொலைவில் உள்ள உறுப்பினரிடமிருந்து ஓர் இராணியை வாங்கி மாற்றச் சொல்வார். வேலியைத் தாண்டிப் பறக்கும் உயிரை வேலிக்குள் நின்று வளர்க்க முடியாது.

நோயும் அப்படியே வேலி தாண்டும். 1991, 1992-இல் தாய் சாக்குப் புழு நோய் தென்னிந்தியாவுக்குள் வந்து, கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும் பகுதியை அழித்தது. வைரஸ் தாக்கிய புழு கூட்டுப்புழு ஆகாமல், நீர் கோத்த பை போலத் தோலுக்குள் அறையில் நீண்டு கிடந்து சாகும். இதற்கு மருந்து இல்லை. இராணியைச் சில நாள் அடைத்துவைத்து முட்டையிடுவதை நிறுத்தினால் நோய்த் தொடர் அறும். நோய் தாக்கியும் தேறிய கூட்டங்களிலிருந்து பெருக்கினால் தாங்கும் வம்சம் கிடைக்கும். பிந்திய வழியைத் தனி ஆள் நினைத்தாலும் செய்ய முடியாது. தப்பிய கூட்டம் யார் தோப்பில் நிற்கிறது என்று ஊரெங்கும் தெரிந்திருக்க வேண்டும். இதில் சங்கத்துக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: உயிர் காக்கும் அதே சட்டக் கைமாற்று நோயையும் கொண்டுபோகும். அடையைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் ஒரு சட்டமும் வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு, உதவும் குணத்துக்குச் சமமான பண்பு.

மார்த்தாண்டத்துத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலையிலிருந்து வருகிறது. மார்கழியை ஒட்டி இலையுதிர்த்த ரப்பர் மரம் தையில் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைக் கசிகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையிலான இந்த வரத்துக்காகப் பெட்டிகள் கேரளத் தோட்டங்களுக்கும் போகின்றன. தேனீக்கள் அடங்கிய பின் வாசலை வலையால் மூடி, இரவோடு இரவாக லாரியில் ஏற்ற வேண்டும். தோட்டக்காரரிடம் இடம் பேசுவது, ஒரே தோட்டத்தில் பெட்டிகள் நெருங்கிவிடாமல் பார்ப்பது, மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டு வைப்பது எல்லாம் பத்துப் பெட்டிக்காரரைவிடச் சங்கத்தின் வாய்க்கு எளிது.

ரப்பர்த் தேன் நிறத்தில் வெளிறியது, ஓட்டம் இலேசானது, மணம் அடக்கமானது. ஈரம் மிகுதி. இந்தியத் தர விதிகள் தேனில் 20 சதவீதம் வரைதான் ஈரத்தை ஏற்கின்றன. அதற்கு மேல் போனால் நுரைத்துப் புளிக்கும். அறைகளில் முக்கால் பங்காவது மெழுகால் மூடப்படும்வரை பொறுத்திருந்து எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். வரத்து பெருகும் மாதத்தில் அந்தப் பொறுமை யாருக்கும் எளிதில் வராது. மீதிக்கு ஈரமானியும் பதப்படுத்தும் சாதனமும் வேண்டும். இரண்டும் பொதுவில் இருந்தால்தான் கட்டுப்படியாகும். இந்தத் தேன் விரைவில் உறைந்து மணல் போலாகும். வாங்கியவர் சீனிப்பாகு கலந்தது என்று பழிப்பார். உறைவது தேனின் இயல்பு, கலப்படத்தின் அடையாளமாக அதைக் கொள்ளக்கூடாது என்று ஒருவர் சொன்னால் வியாபாரப் பேச்சு. முத்திரையோடு ஓர் அமைப்பு சொன்னால் கேட்பார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் கிடைத்த புவிசார் குறியீட்டையும் தனி ஆள் தன் பெயரில் கேட்டிருக்க முடியாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை உற்பத்தியாளர் கூட்டமைப்புக்கோ அவர்கள் சார்பான நிறுவனத்துக்கோதான் தருகிறது.

சங்கங்கள் குறையற்றவை என்று சொல்ல முடியாது. கொள்முதல் விலை வெளிச்சந்தையைவிடக் குறைவாக இருப்பதுண்டு, பணம் தாமதமாவதுண்டு. தேர்தல் வந்தால் தேனீக்களைவிடக் கட்சிகள் அதிகம் கொட்டும். மூன்று மூத்தவரைக் கேட்டால் மூன்று யோசனை கிடைக்கும் என்பது உலகெங்கும் தேனீ வளர்ப்போரைப் பற்றிய பழைய கிண்டல். அதில் பழுதில்லை. மூவரும் தம் பெட்டியைத் திறந்துகாட்டிப் பேசுகிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. திறந்துகாட்டாதவரின் யோசனையை விட்டுவிடலாம்.

சேர ஏற்ற நேரம், பெட்டி வாங்குவதற்கு முந்திய ஆனி, ஆடி. வரத்து வறண்டு, பலர் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக் கூட்டங்களைத் தாங்கிப் பிடிக்கும் மாதங்கள் அவை. மெழுகு அந்துப்பூச்சி அடைகளை அரிப்பதும் அப்போதே தெரியும். அந்தக் காலத்தில் பிறர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர், ஐப்பசி கார்த்திகையில் கூட்டங்கள் பிரிக்கப்படும்போது தமக்குரிய கூட்டத்தைத் தாமே தேர்ந்து எடுக்க முடியும். முட்டை நெருக்கமாக, இடைவெளியின்றி இடப்பட்டிருக்கிறதா, மகரந்தம் புழு அறைகளைச் சுற்றி வளையமாக நிற்கிறதா, தேனீக்கள் சட்டத்தில் ஓடாமல் அமைதியாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிய அந்தக் கூட்டம், நன்றாகத் தேறினால் தையில் ரப்பர் துளிர்க்கும்போது தேன் அறை ஏற்றத் தயாராக இருக்கும்.