பழைய ஓவியங்களும் எண்ணிமப் படங்களின் பதிப்புரிமையும்

இலண்டன் தேசிய உருவப்பட அரங்கம் 1856ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் சேகரிப்பில் முதலில் சேர்ந்தது, ஷேக்ஸ்பியரின் உருவம் எனக் கருதப்படும் சாண்டோஸ் ஓவியம். ஏறத்தாழ 400 ஆண்டுப் பழமையுடைய அவ்வோவியத்தில் இன்று எவருக்கும் பதிப்புரிமை இல்லை. ஆனால் இத்தகைய ஓவியத்தை ஒளிப்படமாக எடுத்து இணையத்தில் இட்டால், அந்த ஒளிப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டா? 2009ஆம் ஆண்டில் இக்கேள்வி பெரும் பூசலாக வெடித்தது.

அமெரிக்கத் தன்னார்வலர் ஒருவர் அரங்கத்தின் இணையத்தளத்திலிருந்து 3,000க்கும் மேற்பட்ட உயர்தரப் படங்களை எடுத்து, விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றினார். அரங்கத்தின் வழக்கறிஞர்கள் அவருக்கு எச்சரிக்கை மடல் அனுப்பினர். படமெடுக்கப் பெருந்தொகை செலவானது, உரிமக் கட்டணத்தைக் கொண்டே அதை ஈடுகட்ட வேண்டும் என்பது அரங்கத்தின் வாதம். வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை. 2012இல் அரங்கம் ஏராளமான படங்களைச் சிறிய அளவில், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசமாக அளித்தது.

செலவு உண்மையே. ஓவியத்தைப் படமெடுப்பது எளிய வேலையும் அன்று. வெளிச்சம் தெறிக்கக் கூடாது, நிறம் மாறக் கூடாது, ஓரம் கோணக் கூடாது. ஆனால் இத்தனை திறமையும் எதற்காக? ஓவியத்தில் இல்லாத ஒன்று படத்தில் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். மூலத்தை உள்ளபடியே காட்டுகிறது என்று சொல்லிப் படத்தை விற்பவர், அதே படத்தைப் புதிய படைப்பு என்று கூறி உரிமை கேட்பது எப்படிப் பொருந்தும்? பாடலைப் பிழையின்றிப் பார்த்தெழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் தரலாம். பாடலாசிரியர் என்ற பெயரைத் தர முடியாது.

நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 1999லேயே இம்முடிவுக்கு வந்தது. பிரிட்ஜ்மன் கலை நூலகம் கோரல் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், பொதுவுடைமையான ஓவியங்களை அப்படியே காட்டும் ஒளிப்படங்களில் படைப்புத்தன்மை இல்லை, எனவே பதிப்புரிமையும் இல்லை என்று நீதிபதி கப்லான் தீர்ப்பளித்தார்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கு படைப்புத்தன்மை இல்லாத எளிய ஒளிப்படங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மன்ஹைம் நகரின் ரைஸ்-எங்கல்ஹார்ன் அருங்காட்சியகம் தொடுத்த வழக்கில், அதன் வெளியீட்டிலிருந்து ஒருவர் வருடியெடுத்த படங்களுக்கு அப்பாதுகாப்பு பொருந்தும் என 2018 டிசம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கூறியது. அவரே நேரில் சென்று எடுத்த படங்களும் தப்பவில்லை; உள்ளே படமெடுக்கக் கூடாது என்ற விதியை மீறியது பார்வையாளருக்கான ஒப்பந்தத்தை மீறியதாகும் என்றது தீர்ப்பு. அச்சிட்ட படத்தையும் எடுக்கக் கூடாது, சொந்தமாகவும் படமெடுக்கக் கூடாது என்றால், ஓவியத்தின் பதிப்புரிமைக் காலம் முடிந்ததால் மக்களுக்குக் கிடைத்த பயன் என்ன? முடிந்துபோன உரிமை ஒவ்வொரு புதிய படத்தோடும் மறுபடி பிறக்கிறது.

இதன் பாதியை 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறியாணை சரிசெய்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்த காட்சிக் கலைப் படைப்பின் நகல், தானே ஒரு புதிய படைப்பாக இருந்தாலொழியப் பாதுகாப்புப் பெறாது என்கிறது அதன் 14ஆம் பிரிவு. ஜெர்மனி 2021இல் இதைத் தன் சட்டத்தில் சேர்த்தது. பிரிட்டனில் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், உழைப்பு மட்டும் போதாது, படைப்பாளியின் சுதந்திரமான தெரிவு வேண்டும் என்றது. அவ்வழக்கு ஓவியம் பற்றியதன்று, பங்குச் சந்தை மென்பொருளின் திரைத்தோற்றம் பற்றியது என்பது சுவையான செய்தி.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் சுமார் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையுமின்றித் திறந்துவிட்டது. ஆனால் நுழைவுச்சீட்டின் விதிகளும் இணையத்தளங்களின் பயன்பாட்டு நிபந்தனைகளும் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வெளியே நிற்பவை. 14ஆம் பிரிவு அவற்றைத் தொடவில்லை. சிற்பங்களின் ஒளிப்படங்களுக்கும் மேற்கண்ட வாதம் அப்படியே பொருந்தாது. அங்கு கோணத்தையும் ஒளியையும் படமெடுப்பவரே தெரிவு செய்கிறார். சிற்பம் எவ்வளவு பழையதாயினும் அப்படத்துக்குப் பதிப்புரிமை இருக்கக்கூடும்.